30,000 ரூபாய் கேட்கும் ஆலோசகரும் இலவசமாகச் சொல்லும் வங்கியும்

கேள்வி: நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து சென்ற மே மாத இறுதியில் ஓய்வு பெற்றேன். பொது வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, ஓய்வூதியத் தொகுப்பு, விடுப்பு ஒப்படைப்பு எல்லாம் சேர்ந்து 54 லட்சம் ரூபாய் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. மாத ஓய்வூதியம் என் செலவுக்குப் போதும். கணவர் இல்லை, ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் பத்தாண்டு கட்டினால் அதன்பின் உறுதியான வருமானம் வரும் என்று வங்கி மேலாளர் ஒரு காப்பீட்டுத் திட்டத்தைச் சொல்கிறார். நாத்தனார் மகன் காப்பீட்டு முகவர். அவனும் ஒரு பாலிசி வைத்திருக்கிறான். உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர், லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய் தரும் நிறுவனத்தில் சேரச் சொல்கிறார். மகனோ, கட்டணம் வாங்கும் நிதி ஆலோசகரைப் பாருங்கள் என்கிறான். அவன் சொன்ன சென்னை ஆலோசகர் ஆண்டுக்கு 30,000 ரூபாய் கேட்கிறார். மற்றவர்கள் இலவசமாகச் சொல்வதற்கு இவ்வளவு பணமா? இவரை எதை வைத்து நம்புவது? பின்குறிப்பு: மேலாளர் கொடுத்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பணம் இன்னும் கட்டவில்லை.

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் அவசரமானது பின்குறிப்புதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கையெழுத்திட்டது விண்ணப்பத்தில் மட்டுமே; பிரீமியம் செலுத்தி, காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்கும்வரை உங்களுக்கு எந்தக் கடப்பாடும் இல்லை. நாளையே கிளைக்குச் சென்று, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகவும், உங்கள் கணக்கிலிருந்து இதற்காக எந்தத் தொகையையும் எடுக்கக் கூடாது என்றும் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரையையும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தகைய விண்ணப்பக் கட்டுகளுக்கு நடுவே, கணக்கிலிருந்து பிரீமியத்தைத் தானாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் படிவமும் இருப்பதுண்டு; அதிலும் கையெழுத்திட்டிருந்தால் அதையும் பெயர் சொல்லி ரத்து செய்யுங்கள். ஒருவேளை இதற்குள் பணம் எடுக்கப்பட்டு பாலிசியும் வந்துவிட்டது என்றால், பாலிசி ஆவணம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து, சிறு கழிவுகள் போக மீதிப் பணத்தைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

அடுத்து, என்னைப் பற்றிய ஒரு தகவலை நீங்கள் தெரிந்துகொள்வது முறை. நானும் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லும் தொழிலில் இருப்பவன். ஆகவே கட்டணம் கொடுப்பது நல்லது என்று நான் சொல்லும் இடங்களிலெல்லாம் என் பிழைப்பும் கலந்திருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

மற்றவர்கள் இலவசமாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கி மேலாளரின் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பத்தாண்டு பிரீமியம் கட்டும் இத்தகைய பாலிசிகளில் முதலாண்டு பிரீமியத்தில் கால் பங்கோ அதற்கு மேலோ விற்றவருக்குக் கமிஷனாகப் போவது அரிதன்று. ஒவ்வொரு வகைப் பாலிசிக்கும் இவ்வளவுதான் என்று இருந்த தனித்தனி உச்சவரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஏப்ரலில் நீக்கி, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு மட்டும் வரம்பு வைத்துவிட்டது. கால் பங்கு என்றே கணக்கிட்டாலும் உங்கள் 5 லட்சத்தில் 1,25,000 ரூபாய் ஆகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளின் கமிஷன் இதில் சேராது. சென்னை ஆலோசகர் கேட்கும் தொகையில் நான்கு ஆண்டுக் கட்டணத்தைவிட இது அதிகம். உங்கள் கையால் எடுத்துக் கொடுக்காததால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மேலாளரின் மடியில் இந்தப் பணம் விழுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கமிஷன் வங்கிக்குப் போகிறது. மேலாளருக்கு வருவது மாதாந்திர இலக்கும், அதை எட்டாவிட்டால் மண்டல அலுவலகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பும்தான்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. 2000களின் பிற்பாதியில், பெயர் வேண்டாம், ஒரு வங்கியில் நானும் இந்த நாற்காலியில் அமர்ந்திருந்தேன். அப்போது யூலிப் எனப்படும் சந்தையோடு இணைந்த காப்பீட்டுத் திட்டங்களின் காலம். முதலாண்டுப் பிரீமியத்தில் பெரும்பகுதி கட்டணமாகவே கழிந்துவிடும் திட்டங்கள் தாராளமாக விற்கப்பட்டன. 2010 செப்டம்பரில்தான் அந்தக் கட்டணங்களுக்குக் கடிவாளம் வந்தது. அந்த ஆண்டுகளின் ஒரு மார்ச் மாதக் கடைசி வாரத்தில், பொன்மலைப் பணிமனையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு அப்படி ஒன்றை விற்றேன். 'நீங்க சொன்னா சரி சார்' என்று சொல்லிக் கையெழுத்திட்டார். நான் அவரிடம் பொய் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை. உங்கள் மேலாளரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை என்று நான் எண்ணுவதற்கு அந்த நினைவுதான் காரணம்.

அவர் எதைச் சொன்னார் என்பதோடு எதைச் சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். அஞ்சலகத்திலும், அநேகமாக அவருடைய வங்கியிலுமே, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அறுபது வயது நிறைந்த நீங்கள் அதில் 30 லட்சம் ரூபாய்வரை போடலாம். 2023 ஏப்ரலில் இதன் வட்டி ஆண்டுக்கு 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. காலாண்டுதோறும் அரசு வட்டியை அறிவித்தாலும், நீங்கள் பணம் போடும் நாளில் இருக்கும் விகிதமே ஐந்தாண்டுக் காலத்துக்கும் நிற்கும். 8.2 விழுக்காட்டில் 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வட்டி கிடைக்கும். அரசின் பொறுப்பில் இருப்பதால் முதலுக்கு ஆபத்தில்லை. இதை விற்பவர் யாருக்கும் கமிஷன் இல்லை. உங்களிடம் வந்த மூவரும் இதன் பெயரை எடுக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உங்கள் வயதில் பத்தாண்டு பிரீமியம் கட்டத் தொடங்கினால் எழுபது வயதுக்கு மேல்தான் வருமானம் தொடங்கும். ஓய்வூதியமே செலவுக்குப் போதும் என்கிற ஒருவருக்கு அப்படியொரு பூட்டு எதற்கு என்ற கேள்வியையும் யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய் என்பதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. அது ஆண்டுக்கு 72 விழுக்காடு. அப்படிச் சம்பாதிக்கும் தொழில் ஒன்று கையில் இருப்பவர், ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடம் பணம் கேட்டு வர மாட்டார். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் இருக்கிறது. ஆனால் பொருளாதாரக் குற்றப் பிரிவின் வாசலில் மனுவோடு நிற்பவர்களுக்குச் சட்டம் இருக்கிறதே என்ற ஆறுதலைத் தவிர வேறெதுவும் சீக்கிரம் கிடைப்பதில்லை. உங்கள் நண்பர் இன்னும் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் கட்டத்தில் இருக்கிறார். அதனால் அவருடைய சாட்சியத்தில் பொய் இல்லை, ஆயினும் பயனும் இல்லை. அவரிடமும் இதைச் சொல்லி, போட்ட முதலை இப்போதே எடுக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஆலோசகரை அடையாளம் காண்பதற்கு வருகிறேன். நம் நாட்டில் பணத்தைப் பற்றி உங்களிடம் பேச வருபவர்கள் வேறு வேறு உரிமங்களோடு வருகிறார்கள். முகவரி அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும், அந்த உரிமத்தின் எண்ணைக் கேட்டால் அவர் யார் என்பது தெரிந்துவிடும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு ஏ.ஆர்.என். என்று தொடங்கும் எண் இருக்கும். அவர் ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து கமிஷன் பெறுபவர். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகருக்கு ஐ.என்.ஏ. என்ற மூன்று எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து ஒன்பது இலக்கங்களும் கொண்ட எண் இருக்கும்; 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி அவர் உங்களிடம் மட்டுமே கட்டணம் வாங்கலாம், உங்களுக்குச் சொல்லும் முதலீடுகளுக்காக வேறு யாரிடமும் கமிஷன் பெறக் கூடாது. தனிநபர் ஆலோசகர் விநியோகமும் செய்யக் கூடாது. 2020இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, விநியோகஸ்தர்கள் 'சுயேச்சை நிதி ஆலோசகர்', 'வெல்த் அட்வைசர்' போன்ற பெயர்களைப் போட்டுக்கொள்ளவும் தடை உண்டு. நடைமுறையில் அந்தப் பெயர்ப் பலகைகள் முழுவதும் இறங்கிவிட்டன என்று சொல்ல மாட்டேன்.

பதிவு செய்த ஆலோசகர்கள் நாடு முழுவதற்கும் சுமார் ஆயிரம் பேர்தான். புதுக்கோட்டையில் ஒருவர் கிடைக்காததில் வியப்பில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவரிடம் காணொளி வழியாகப் பேசுவதுதான் இன்று வழக்கமாகிவிட்டது, அதில் குறையும் இல்லை. மகனும் சிங்கப்பூரிலிருந்தே அந்த அழைப்பில் சேர்ந்துகொள்ளலாம்.

மகனிடம் சொல்லி, செபியின் வலைத்தளத்தில் பதிவுபெற்ற இடைத்தரகர்கள் பட்டியலில் இந்த ஆலோசகரின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். பெயரும் எண்ணும் அங்கே இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்தப் பட்டியலில் உள்ள மின்னஞ்சலுக்கோ தொலைபேசிக்கோ தொடர்புகொண்டு, பேசுபவர் அவரேதானா என்று உறுதி செய்ய வேண்டும். உண்மையான ஆலோசகரின் பெயரையும் பதிவு எண்ணையும் திருடி வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் கடை விரிக்கும் மோசடி பெருகிவிட்டது. சான்றிதழில் இருக்கும் பெயரும், கட்டணம் செலுத்தச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அதன் பிறகும் பதிவு எண் நேர்மைக்குச் சான்றாகிவிடாது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலிருந்து இயங்கிய பல ஆலோசனை நிறுவனங்கள் முறையாகப் பதிவு பெற்றவைதான். உறுதியான லாபம் தருவோம் என்று தொலைபேசியில் ஆசை காட்டி, பங்கு வர்த்தகக் குறிப்புகளுக்குப் பெருந்தொகை கறந்ததற்காக அவற்றின் மீது செபி தொடர்ந்து ஆணைகள் பிறப்பித்தது. ஆகவே உங்கள் ஆலோசகரின் பெயரில் அப்படி ஏதேனும் ஆணை இருக்கிறதா என்றும் அதே தளத்தில் பாருங்கள். 'இவ்வளவு விழுக்காடு நிச்சயம்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். பதிவு பெற்றவருக்கு அந்தச் சொல்லே விலக்கப்பட்டது.

30,000 ரூபாய் நியாயமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல இயலாது. சட்டப்படி அது வரம்புக்குள்தான் இருக்கிறது. நிலையான கட்டணமாக வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. முன்பு 1,25,000 ஆக இருந்த வரம்பு அண்மையில் உயர்த்தப்பட்டது. சொத்தின் மதிப்பில் விழுக்காடாக வாங்கினால் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு உச்சம். உங்கள் ஆலோசகர் நிலையான தொகை கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. விழுக்காட்டுக் கணக்கில் வாங்குபவரிடம் ஒரு சங்கடம் உண்டு: வீட்டுக்கடனை அடைத்துவிடட்டுமா, மகளுக்கு நகை எடுக்கட்டுமா, அஞ்சலகத்தில் போடட்டுமா என்று வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு முறையும், ஆம் என்று சொன்னால் அவருடைய வருமானம் குறைகிறது. நேர்மையாளர் அதைத் தாண்டிப் பதில் சொல்வார். ஆயினும் அந்தச் சோதனையை அவர் முன் வைக்காமல் இருப்பது இருவருக்கும் நல்லது. உங்கள் 54 லட்சத்துக்கு ஒரு விழுக்காடு என்றாலே 54,000 ரூபாய் ஆகிவிடும்.

ஆனால் உங்கள் நிலையில் ஆண்டுதோறும் 30,000 கொடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. என் தொழிலில் இருப்பவர்கள் சிலர் இதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடும். காரணம் சொல்கிறேன். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் போய்விட்டால், அந்தப் பணத்தைப் பற்றி ஐந்தாண்டுக்கு யாரும் உங்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டியதில்லை. மிஞ்சுவது 24 லட்சம். அதற்கு ஆண்டுக்கு 30,000 என்பது ஒன்றேகால் விழுக்காடு. உங்களிடம் கடன் இல்லை, ஓய்வூதியம் வருகிறது, ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பீர்கள், ஒரே வாரிசு. ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கும் சிக்கல் எதுவும் உங்கள் கணக்கில் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஒரு முறை முழுமையாக உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும் திட்டமும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைச் சரிபார்க்கும் ஓர் அமர்வும்தான். ஆகவே அவரிடம், ஒரே முறை திட்டம் வகுத்துத் தர என்ன கட்டணம் என்று கேளுங்கள். நான் அறிந்தவரை, இத்தகைய எளிய நிலைமைக்கு 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். சொல்லும் தொகையோடு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சேருமானால் 30,000 என்பது 35,400 ஆகிவிடும்.

கமிஷன் வாங்குபவரிடம் போகவே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். 24 லட்சத்தில் 10 லட்சத்தை மட்டும் மியூச்சுவல் ஃபண்டில் போடுவதாக வைத்துக்கொள்வோம். 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டும் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. விநியோகஸ்தர் வழியாக வாங்குவது ரெகுலர், நேரடியாக வாங்குவது டைரக்ட். இரண்டுக்கும் இடையிலான செலவு வேறுபாடு ஆண்டுக்கு 0.8 விழுக்காடு என்றால், 10 லட்சத்துக்கு 8,000 ரூபாய். படிவம் நிரப்பி, வீட்டுக்கு வந்து, சந்தை விழும்போது தைரியம் சொல்லும் ஒரு நல்ல விநியோகஸ்தருக்கு அந்தத் தொகை அதிகமன்று. தொகை ஐந்து மடங்கானால் கமிஷனும் ஐந்து மடங்காகும், அவருடைய வேலை அவ்வளவு கூடாது. அப்போது கட்டண ஆலோசகர் மலிவாகிவிடுவார். எப்படியும், உங்கள் முதலீட்டிலிருந்து விநியோகஸ்தருக்கு எவ்வளவு போனது என்பதை ரூபாயில் தெரிந்துகொள்ள உங்களுக்கு வழியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் அந்தத் தொகை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது 2016 முதல் இருக்கும் விதி. பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

ஆலோசகரோடு சேர முடிவு செய்தால், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் என்பது அவர் காட்டும் சலுகையன்று, விதிப்படி கட்டாயம். உங்களால் எவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியும் என்று ஆராய்ந்து எழுதும் இடர் மதிப்பீடும் அப்படியே. நீங்கள் ஒப்புக்கொண்டால் ஓராண்டுக் கட்டணம்வரை அவர் முன்பணமாகப் பெறலாம். ஆனால் முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்காமல் இருப்பதே விவேகம். இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணம் திரும்ப வருவது எப்படி என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணத்தைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ யு.பி.ஐ. வழியாகவோ மட்டுமே கொடுக்கலாம். ரொக்கம் கேட்பவர் விதியை மீறுகிறார். மும்பை பங்குச் சந்தை வழியாகக் கட்டணம் செலுத்தும் மையப்படுத்தப்பட்ட ஏற்பாடு ஒன்றும் 2024 அக்டோபரில் வந்திருக்கிறது. கட்டாயமில்லை என்றாலும், அவர் அதில் சேர்ந்திருந்தால் போலி ஆளிடம் பணம் போய்விடுமோ என்ற அச்சம் குறையும்.

கட்டணத்தைத் தவிர வேறு எந்தப் பணமும் அவர் கணக்குக்குப் போகக் கூடாது. ஃபண்டில் போடும் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராக ஃபண்டுக்குப் போய், விற்கும்போது நேராக உங்கள் கணக்குக்கே திரும்ப வேண்டும். கடவுச்சொல், ஓ.டி.பி., கையெழுத்திட்ட வெற்றுப் படிவம், அதிகாரப் பத்திரம் ஆகிய எதையும் 'உங்களுக்குச் சிரமம் வேண்டாமே' என்ற கனிவான குரலில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தனியாக இருக்கும் மூத்தவர்களிடம் இந்தக் கனிவு சற்றுக் கூடுதலாகவே வரும்.

முதல் சந்திப்பில் என்ன கேட்பது என்று தயங்க வேண்டாம்; முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவருக்குக் கேள்வி கேட்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. என் அனுபவத்தில் பயன்பட்ட சிலவற்றை மட்டும் சொல்கிறேன். எத்தனை குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். தனிநபர் ஆலோசகர் 300 வாடிக்கையாளர்களைத் தாண்டினால் நிறுவனமாக மாற வேண்டும் என்பது விதி, ஆனால் ஒருவர் தனியாக 250 குடும்பங்களைப் பார்க்கிறார் என்றால் உங்கள் முறை எப்போது வரும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பெயர்களை மறைத்துவிட்டு, முன்பு எழுதிய திட்டம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வாரிசு நியமனம், உயில், அவசரச் செலவுக்கான கையிருப்பு ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறதா, அல்லது ஃபண்டுகளின் பட்டியல் மட்டும்தானா என்பது அவர் எதை ஆலோசனை என்று நினைக்கிறார் என்பதைக் காட்டிவிடும். 2020 மார்ச் மாதத்தில் உங்கள் வாடிக்கையாளர்களிடம் என்ன சொன்னீர்கள் என்பது நான் விரும்பிக் கேட்கச் சொல்லும் கேள்வி. அந்த ஜனவரியில் சுமார் 42,000 புள்ளிகளில் இருந்த மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000க்கும் கீழே முடிந்தது. அந்த வாரத்தில் வந்த அழைப்புகளுக்கு அவர் என்ன பதில் சொன்னார், யாரையாவது விற்றுவிடச் சொன்னாரா, தன் கணிப்பு எங்கே தவறியது என்பதை நிதானமாகச் சொல்ல முடிகிறவரிடம் பணத்தைப் பற்றிப் பேசலாம். அந்த வீழ்ச்சியை முன்பே கண்டுகொண்டேன் என்பவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டாம்.

அவர் 54 லட்சத்தையும் மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொன்னாலும் சரி, முழுவதையும் வைப்புகளிலேயே வைக்கச் சொன்னாலும் சரி, காரணத்தைக் கேளுங்கள். உங்களுக்கு எது சரி என்று இந்தக் கடிதத்தில் நான் சொல்லாமல் விடுவது தப்பித்துக்கொள்வதற்காக அன்று. உங்கள் உடல்நிலை, மகன் திரும்பி வருவானா, ஊரில் வீடு யார் பெயரில் இருக்கிறது என்பவை தெரியாமல் பிரித்துக் கொடுக்கும் கணக்கு உங்களுக்குரியதாக இருக்காது. பின்னால் அவர் மீது குறை ஏற்பட்டால் முதலில் அவருக்கே எழுத்தில் தெரிவித்து, பதில் திருப்தி தராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம். 21 நாட்களுக்குள் அவர் பதில் அளித்தாக வேண்டும். பதிவில்லாதவரிடம் இழந்த பணத்துக்கு இந்த வழி திறக்காது.

இவற்றையெல்லாம்விட உங்களுக்குக் கடினமாக இருக்கப் போவது நாத்தனார் மகனிடம் என்ன சொல்வது என்பதுதான் என்று நினைக்கிறேன். உறவுக்குள் ஆலோசனை கேட்டால் கணக்குக் கேட்க முடியாது. 'இதில் உனக்கு எவ்வளவுப்பா?' என்று கேட்டால் அது அடுத்த கல்யாண வீட்டில் பேச்சாகிவிடும். கட்டணம் கொடுத்து வெளியாளிடம் போவதில் உள்ள பெரிய வசதி, எத்தனை முறை வேண்டுமானாலும் அந்தக் கேள்வியைக் கூச்சமின்றிக் கேட்கலாம் என்பது. 'மகன் ஓர் ஆலோசகரை வைத்துவிட்டான், அவர் சொல்லாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட முடியாதுப்பா' என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். பழி சிங்கப்பூரில் இருப்பவன் மீது போகட்டும். உங்கள் கணவரின் பெயரிலோ உங்கள் பெயரிலோ அவன் வழியாக எடுத்த பழைய பாலிசிகள் இருந்தால், அவற்றின் முதிர்வுத் தேதி, வாரிசு நியமனம், வங்கிக் கணக்கு இணைப்பு ஆகியவற்றைச் சரிபார்த்துத் தரும்படி அவனிடம் கேளுங்கள். அது அவனுக்குத் தெரிந்த வேலை. ஆலோசகரைச் சந்திக்கும்போது அந்தப் பட்டியலும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.